வட்டி வரம்பின் தலையில் விழும் பழி

வெள்ளிக்கிழமை பொழுது விடியும் முன்பே செஞ்சியில் ஆட்டுச் சந்தை கூடிவிடும். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் கோடிக்கணக்கில் பணம் கைமாறும் சந்தை இது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் வெயில் ஏறித்தான் வருவார்கள். அதற்குள் சந்தை கலைந்து, புழுக்கையும் தழையும்தான் மிச்சமிருக்கும்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை, இரண்டு கிடாக்களை விற்ற அம்மா ஒருவர் வேனுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் மூன்றாகப் பிரித்தார். ஒன்று குழுக் கடனுக்கு. ஒன்று தண்டலுக்கு. மூன்றாவது மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கு. கொஞ்சம் யோசித்து, விதைப் பங்கிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை உருவித் தண்டல் பங்கில் சேர்த்தார். தண்டல் எவ்வளவு வட்டி என்று கேட்டேன். "பதினஞ்சு பர்சென்ட்தாங்க, அதிகமெல்லாம் இல்ல" என்றார்.

அவருடைய அட்டையில் 10,000 ரூபாய் என்று எழுதியிருந்தது. கையில் கொடுத்தது 8,500. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பிடித்தது 1,500, ஆகவே பதினைந்து சதவீதம் என்பது தண்டல்காரர் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஆனால் முதல் நாளிலிருந்தே முதல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. நூறு நாளில் சராசரியாக அந்த அம்மாவின் கையில் இருப்பது பாதிப் பணம்கூட இல்லை. ஆண்டுக் கணக்காக மாற்றினால் வட்டி ஏறத்தாழ 120 சதவீதம்.

இந்த 120 சதவீதத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால், படித்தவர்களிடம் இப்போது ஒரு பதில் தயாராக இருக்கிறது. அரசாங்கம் வட்டிக்கு உச்சவரம்பு வைப்பதுதான் காரணமாம். வரம்பு வைத்தால் முறையாகக் கடன் கொடுப்பவர் ஒதுங்கிக்கொள்வார், ஏழை கந்துவட்டிக்காரனிடம் போய் விழுவான், ஆகவே ஏழைக்கு நல்லது செய்ய நினைத்தால் வரம்பை எடுத்துவிடு என்கிறார்கள். பொருளாதாரப் பத்தி எழுதுகிறவர்களும் வங்கித் துறையில் இருப்பவர்களும் இதை ஏதோ புவியீர்ப்பு விதியைப் போலச் சொல்கிறார்கள். டீக்கடையில் இதற்கே இன்னொரு வடிவம் உண்டு: "பத்து வட்டி வாங்குறான்னு பேசுறீங்களே, ராத்திரி ஆஸ்பத்திரிக்குன்னு கேட்டா வேற யாரு குடுக்கறா?"

டீக்கடைக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன். பத்திரிகைக்காரர் சொல்லும் விதியை முதலில் பார்ப்போம்.

அந்த விதிக்கு அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஏழையிடம் வாங்கப்படும் வட்டி ஒரு சந்தை விலை, கடன் கொடுப்பவர்கள் போட்டி போட்டு நிர்ணயித்தது, அதற்குள் செலவும் அபாயமும் அடங்கியிருக்கிறது என்பது அந்த அனுமானம். தக்காளிக்கு இது பொருந்தும். செஞ்சி மார்க்கெட்டில் ஒரு கடையில் விலை அதிகமென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். தண்டல் வாங்கும் அம்மா அடுத்த தண்டல்காரரிடம் போய் ஒரு ரூபாய் குறையுங்கள் என்று கேட்பதில்லை. அவர் தெருவுக்கு வருகிறவர் ஒருவர். அடுத்த தெருவுக்கு வேறொருவர். வட்டி ஆண்டுக்கு எவ்வளவு என்பதே தெரியாத இடத்தில் எதை எதோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுவது?

சரி, அபாயம்? சிறுகடன் கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் முதலீட்டாளர்களிடம் பெருமையாகச் சொல்வது என்ன? பெண்கள் தவணை தவறுவதில்லை, நல்ல காலங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரும்பி வந்துவிடுகிறது என்பதுதான். முதலீட்டாளரிடம் அபாயம் இல்லை என்று சொல்லிவிட்டு, கடன் வாங்கும் பெண்ணிடம் அபாயத்துக்காக வட்டி வாங்குவது ஒரே வாயால் இரண்டு கணக்குச் சொல்வதாகும்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். சின்னக் கடனுக்குச் செலவு அதிகம். பத்து லட்சத்தை ஒருவருக்குக் கொடுத்து வாங்குவதும், பத்தாயிரம் பத்தாயிரமாக நூறு பேருக்குக் கொடுத்து வாங்குவதும் ஒன்றல்ல. ஆகவே வரம்பு வைப்பவர்கள் அந்தச் செலவைக் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தியாவில் அப்படிக் கணக்கெடுத்து வரம்பு வைத்த ஒரு காலம் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்த விதிக்காரர்கள் பேசுவதே இல்லை.

2010 அக்டோபரில் ஆந்திரப் பிரதேசத்தில் சிறுகடன் நெருக்கடி வெடித்தது. தற்கொலைச் செய்திகள் வந்தன. அரசு அவசரச் சட்டம் போட்டது. அதையடுத்து ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை தந்தது. பணம் திரட்டும் செலவு, ஊழியர் செலவு, வாராக்கடன், லாபம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து 24 சதவீத உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி கொஞ்சம் தாராளமாக 26 சதவீதம் வைத்தது. பிறகு வரம்பைக் கணக்கிடும் முறை மாறியதே தவிர, 2022 மார்ச் வரை சிறுகடனுக்கென்றே பதிவான நிறுவனங்களுக்கு ஏதோ ஒரு வரம்பு இருந்தது.

விதிப்படி இந்தப் பதினோரு ஆண்டுகளில் சிறுகடன் வறண்டிருக்க வேண்டும். நடந்தது என்ன? இந்தியச் சிறுகடன் துறை பல மடங்கு பெருத்தது. 2022 மார்ச்சில் நிலுவை இரண்டரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இந்தத் தொகையில் வங்கிகளின் பங்கும் உண்டு, அவற்றுக்கு அந்த வரம்பு பொருந்தவில்லை என்று யாராவது குறுக்கே வருவார்கள். உண்மைதான். ஆனால் வரம்புக்குள் இருந்த நிறுவனங்களும் சேர்ந்தேதான் பெருத்தன. பங்குச் சந்தையில் பட்டியலாகும் அளவுக்குச் சில வளர்ந்தன. வரம்பால் நசிந்து போனவர்கள் பங்கு வெளியிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2022 ஏப்ரல் முதல் வரம்பு எடுக்கப்பட்டது. வட்டியை நிறுவனத்தின் இயக்குநர் குழுவே தீர்மானிக்கலாம், மிதமிஞ்சிப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். போட்டி வட்டியைக் கீழே இழுத்துவிடும் என்றும் சொன்னார்கள். இரண்டரை ஆண்டுதான் ஆனது. 2024 அக்டோபரில் அதே ரிசர்வ் வங்கி, மிதமிஞ்சிய வட்டி வாங்குவதைக் காரணம் காட்டி, நான்கு நிதி நிறுவனங்களைப் புதிய கடன் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திவைத்தது. பிறகு சரிசெய்துகொண்டார்கள் என்று தடை விலகியது. வரம்பில்லாமல் சந்தை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்றால் இந்தத் தடி எதற்கு எடுக்கப்பட்டது? ஆக வரம்பு இன்றும் இருக்கிறது. முன்பு அது எண்ணாக இருந்தது, கடன் வாங்குகிறவருக்கும் தெரிந்தது. இப்போது அதிகாரியின் மனசுக்குள் இருக்கிறது.

ஆந்திரத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்: சட்டம் வந்தது, கடன் நின்றது, பார்த்தீர்களா என்று. அந்தச் சட்டத்தில் ஆண்டு வட்டிக்கு வரம்பே இல்லை. மொத்த வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்ற பழைய தர்மசாஸ்திரக் காலத்து விதிதான் இருந்தது. கடன் நின்றதற்குக் காரணம், பதிவு, முன் அனுமதி என்ற கட்டுகளோடு வசூலே அடியோடு நின்றுபோனது. அதற்கும் வட்டி வரம்புக்கும் முடிச்சுப் போடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடுகிற முடிச்சு.

கென்யாவின் கதை கொஞ்சம் கடினமானது. அதை மறைக்க விரும்பவில்லை. 2016இல் அங்கே வங்கிக் கடனுக்கு, மைய வங்கியின் விகிதத்துக்கு மேல் 4 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள். சிறு வியாபாரிகளுக்குக் கடன் உண்மையிலேயே சுருங்கியது. 2019இல் வரம்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் வங்கிகள் அந்தப் பணத்தை எங்கே கொண்டு போயின? அரசாங்கப் பத்திரத்தில் போட்டன. சிறு வியாபாரிக்கு 14 சதவீதத்தில் கொடுப்பதைவிட அரசுக்கு ஏறக்குறைய அதே வட்டியில் கொடுத்துவிட்டுக் காலை நீட்டிக்கொள்வது சுகம். வரம்பு வைத்தவர்கள் கொடுக்கும் கடமையை வைக்கவில்லை. வரம்புக்குள் கொடுக்கக்கூடிய வேறு ஆளையும் தயார் செய்யவில்லை. ஒரு மாட்டைப் பூட்டி வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியே உதவாது என்று தீர்ப்புச் சொன்ன கதை இது.

இங்கேதான் நம் ஊர் நிலைமைக்கு வர வேண்டும். தமிழ்நாட்டில் வட்டி வரம்பு இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். யாருக்கு இருக்கிறது?

1943ஆம் ஆண்டின் அடகுபிடிப்போர் சட்டப்படி, தாசில்தாரிடம் உரிமம் வாங்கிக் கடைவீதியில் அடகுக்கடை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 16 சதவீதம். 1957ஆம் ஆண்டின் வட்டிக்கடைச் சட்டப்படி பணம் கொடுப்பவருக்கு 12 சதவீதம். 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இன்னும் கடுமையானது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதி, மீறினால் மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம் என்றது. தெருவில் புழங்கும் சொற்களை அப்படியே எடுத்து வைத்துக்கொண்ட சட்டம் நம் சட்டப் புத்தகத்தில் இதைப் போல அதிகம் இருக்காது. அப்படியும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்தது.

இனி அதே கடைவீதியில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த நகைக்கடன் நிறுவனத்துக்குள் போங்கள். ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனம். வட்டி இருபதைத் தாண்டும். பக்கத்துக் கடைக்காரருக்கு 16 என்றால் இவருக்கும் 16தானே? கிடையாது. 2022 மே 10 அன்று உச்ச நீதிமன்றம், கேரளத்தின் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் வட்டிக்கடைச் சட்டம் பொருந்தாது. வங்கிகளுக்கோ அதற்கு முன்பே கவசம் உண்டு. வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக நீதிமன்றம் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்று 1984இலிருந்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

அதாவது 36 சதவீதமும் 40 சதவீதமும் வாங்கும் கார்டுக்கு வரம்பில்லை. கண்ணாடிக் கதவுக்கு வரம்பில்லை. அடகுக்கடைக்கு மட்டும் உண்டு. அடகுக்கடைக்காரர் அதை மதித்து நடக்கிறாரா என்றால், வாய்மொழியாக 'ரெண்டு வட்டி', சீட்டில் வேறு கணக்கு என்பது ஊருக்கே தெரியும். அவரைக் கேட்டால் எதிர்க் கடையைக் காட்டுவார். அவர் காட்டுவதில் தவறென்ன? பெரிய மீன்களுக்கு ஓட்டை வைத்துப் பின்னிய வலையை வீசிவிட்டு, வலை என்ற பொருளே மீன் பிடிக்க உதவாது என்று முடிவுகட்டுவதுதான் இன்றைய அறிவுலக வழக்கம்.

இந்த ஓட்டை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி வட்டி வரம்பு இருந்தது. 1978இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், தேசிய உரிமம் பெற்ற வங்கி தான் இருக்கும் மாநிலத்தின் வட்டியை வேறு மாநிலத்து வாடிக்கையாளரிடமும் வாங்கலாம் என்றது. உடனே சவுத் டகோட்டா தன் வரம்பை எடுத்தது. சிட்டிபேங்க் தன் கார்டுத் தொழிலை அங்கே கொண்டுபோனது. 1980இல் மாநில உரிமம் பெற்ற வங்கிகளும் எங்களுக்கும் அதே உரிமை வேண்டும் என்று கேட்டு நாடாளுமன்றத்தில் வாங்கிக்கொண்டன. மற்ற மாநிலங்களின் வரம்பு சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. அங்கேயும் வரம்பு தோற்றுவிட்டது என்றுதான் எழுதினார்கள்.

நம் மண்ணின் பழைய கதை இதைவிடச் சுவையானது. தேசிங்கு ராஜன் கதையே பாக்கி வசூலில்தான் தொடங்குகிறது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் செஞ்சிமேல் படை நடத்தியது கப்பப் பாக்கிக்காக. அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, இதே ஆற்காட்டு நவாபாக இருந்த முகமது அலி, கும்பினி அதிகாரிகளிடம் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கிக் குவித்தார். தொடக்கத்தில் 36 சதவீதம் வரை வட்டி. ஈடு என்ன தெரியுமா? நம் சீமையின் நிலவரி. நவாப் கையெழுத்துப் போட்டார், உழுதவன் கட்டினான். கும்பினி நிர்வாகம் வட்டியைப் பத்து சதவீதமாக வெட்டியது. 1773இல் லண்டன் நாடாளுமன்றமும் இந்தியாவில் இருக்கும் பிரிட்டிஷ் குடிகள் 12 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. கடன் கொடுப்பவர்கள் ஓடிப்போனார்களா? நவாபுக்குப் புதுக் கடன் கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஊழல் பெருகி, 1785இல் எட்மண்ட் பர்க் அந்தக் கடன்களைப் பற்றியே நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்ற வேண்டியதாயிற்று. வட்டி குறைந்தால் கடன் கொடுப்பவர் காணாமல் போய்விடுவார் என்பதற்கு அந்த வரலாற்றில் ஆதாரம் தேடினால் கிடைக்காது.

பிறகு வரம்பை எடுத்தும் பார்த்தார்கள். 1855இல் இந்தியாவில் வட்டிச் சட்டங்கள் ரத்தாயின. சுதந்திரச் சந்தை குடியானவனைக் காப்பாற்றியிருக்க வேண்டும். இருபதே ஆண்டில், 1875இல், தக்காணத்தில் குடியானவர்கள் திரண்டு கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள்.

1938இல் ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1937 அக்டோபர் 1 வரை ஏறிக்கிடந்த வட்டி பாக்கியைத் தள்ளி, இனிமேல் ஆண்டுக்கு ஆறேகால் சதவீதம் என்றது. முதலைப்போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. வட்டிக்குக் கொடுத்தவர்கள் கொஞ்ச காலம் பெட்டியைப் பூட்டி வைத்தார்கள். கிராமத்தில் கடன் சுருங்கியது. விதிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள், பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் ஏன் சுருங்கியது? பூட்டிய பெட்டிக்குப் பதிலாகத் திறக்க வேறு பெட்டி இல்லை. 1951-52இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் கணக்கெடுப்பு அதைச் சொல்கிறது: குடியானவர் வாங்கிய கடனில் வட்டிக்காரர்களின் பங்கு ஏறக்குறைய 70 சதவீதம், கூட்டுறவின் பங்கு 3 சதவீதம்.

இத்தனைக்கும் கூட்டுறவுக் கடனுக்கு இந்தியாவில் விதை போட்ட மாகாணம் இதுதான். சென்னை அரசு 1892இல் ஃபிரடெரிக் நிகல்சனை ஐரோப்பாவின் விவசாய வங்கிகளைப் படித்து வரச் சொன்னது. அவருடைய பெரும் அறிக்கையின் வழியில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள். நம் ஊர்ப் பேச்சில் சொசைட்டி. பயிர்க்கடனுக்கு 7 சதவீதம். கெடு தவறாமல் கட்டினால் அந்த வட்டியும் இல்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டையை இருப்பு வைத்தால், மதிப்பில் 75 சதவீதம் வரை 5 சதவீத வட்டிக்குப் பொருளீட்டுக் கடன் என்ற திட்டமும் உண்டு.

ஆக ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஒரே மல்லாட்டைப் பயிருக்கு வட்டி பூஜ்ஜியமாகவும் இருக்கிறது, 120 சதவீதமாகவும் இருக்கிறது. இதைச் சந்தை விலை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பூஜ்ஜியத்துக்கும் 120க்கும் நடுவில் நிற்பது அபாயமும் அல்ல, செலவும் அல்ல. சொசைட்டியில் யாருக்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்ற அதிகாரத்தின் எல்லை.

சந்தையில் பார்த்த அம்மாவுக்குச் சொந்த நிலம் இல்லை. ஒன்றரை ஏக்கர் குத்தகை, வாய்ப்பேச்சுக் குத்தகை. சொசைட்டிக்குப் போனால் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். சிட்டா நிலக்காரர் பெயரில் இருக்கிறது. குத்தகைக்காரருக்கும் கொடுக்கலாம் என்று விதியில் இடமுண்டு. ஆனால் அதற்கு நிலக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நிலத்தில் உரிமை கொண்டாடுவார் என்று அவருக்குப் பயம். 1969இலேயே குத்தகை உரிமைப் பதிவுக்குச் சட்டம் போட்ட மாநிலம் இது. பதிவுக்கு வருகிறவர்கள்தான் இல்லை. பல சமயம் அந்த நிலத்தின் பேரில் நிலக்காரரே பூஜ்ஜிய வட்டியில் பயிர்க்கடன் வாங்கியிருப்பார். உழுகிற அம்மா தண்டலுக்குப் போவார். இந்த இடத்தில் வட்டி வரம்பு செய்த பாவம் என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 தொடக்கத்தில் வங்கி வாசல்களில் ஒரு புதுத் தொழில் முளைத்தது. நகைக்கடனை வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்க முடியாது, முதலும் வட்டியும் முழுசாகக் கட்டி, நகையை எடுத்து, மறுநாள்தான் மீண்டும் வைக்கலாம் என்று பல வங்கிகளில் சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு லட்சத்தை ஒரு நாளைக்கு யார் கொடுப்பார்கள்? கொடுக்க ஆள் வந்தது. காலையில் பணம் கட்டுவார், நகை வெளியே வந்ததும் தன் கையில் வைத்துக்கொள்வார், மறுநாள் மீண்டும் வைத்ததும் முதலோடு லட்சத்துக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வங்கிக்கு ஓர் ஆண்டு கட்டிய வட்டியில் கணிசமான பங்கை அந்த ஒரே ராத்திரிக்குக் கொடுத்தது. அந்த ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக்கடன் வரைவு விதிகளுக்குத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு இந்தச் சூட்டில் கிளம்பியதுதான். ஜூனில் வந்த இறுதி விதிகளில் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்குச் சலுகை கொடுத்தார்கள். அந்த ஒரு ராத்திரி மீட்டர் வட்டியைப் பெற்றெடுத்தது உச்சவரம்பு அல்ல. கடன் எப்படிக் கொடுக்கப்பட வேண்டும் என்ற விதி. கந்துவட்டிக்காரனை யார் உருவாக்குகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம்.

சொசைட்டியா, அது கட்சிக்காரர்கள் கூடாரமாயிற்றே என்பது அடுத்த அடி. வலிக்கிற அடிதான். 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன், கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி. தேர்தலுக்குப் பின் வந்த ஆட்சி ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. அதற்கான ஆய்வில் போலி நகைகள் எல்லாம் வெளியே வந்தன. ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளியானான். 2023இல் நிர்வாகக் குழுக்களின் காலம் முடிந்ததும் சங்கங்கள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. உறுப்பினர்கள் ஆள வேண்டிய சங்கத்தை அதிகாரி ஆண்டால் அதன் பெயர் கூட்டுறவு அல்ல. இதையெல்லாம் நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஆனால் தள்ளுபடி வேறு, வரம்பு வேறு. தள்ளுபடி என்பது முதலையே விட்டுக்கொடுப்பது. வரம்பு என்பது முதலும் நியாயமான வட்டியும் வந்தாக வேண்டும் என்பது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி, பார்த்தீர்களா மலிவுக் கடன் என்றாலே இப்படித்தான் என்று கைகாட்டுவது வாதத் திறமையாக இருக்கலாம், உண்மையாகாது. போலி நகை தனியார் நிறுவனங்களிலும் அகப்படுகிறது. அதற்காக யாரும் நகைக்கடன் தொழிலையே இழுத்து மூடச் சொல்வதில்லை.

டீக்கடைக்காரரின் கேள்வி பாக்கி இருக்கிறது. ராத்திரி ஆஸ்பத்திரிக்கு யார் கொடுப்பார்? இன்றைக்குக் கொடுப்பவர் பத்து வட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து வட்டி என்றால் மாதம் நூற்றுக்குப் பத்து, ஆண்டுக்கு 120. ராத்திரி எழுந்து வந்ததற்குக் கூலி கொடுக்கலாம். அந்தக் கூலி ஓராண்டு முழுக்க ஏன் ஓட வேண்டும்? ராத்திரி பத்தாயிரம் வாங்கியவர் மறுநாளே சொசைட்டியில் பத்தாயிரம் வாங்கி அடைத்துவிட முடிந்தால் அவருக்கு ஒரு நாள் கூலியோடு போயிற்று. சொசைட்டியில் பத்தாயிரம் ரூபாய் அவசரக் கடனுக்கு ஆள் ஜாமீன் போதும், ஒரே நாளில் கையில் என்று இருந்தால் பத்து வட்டிக்காரர் ஒரு நாள் வியாபாரியாகச் சுருங்கிவிடுவார். அவர் கொழுப்பது அந்த ராத்திரியில் அல்ல, அதற்குப் பின்னால் வரும் முந்நூறு பகல்களில்.

2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் இன்னொரு சட்டம் நிறைவேற்றியது. கடன் வசூலில் மிரட்டல், அவமானப்படுத்தல், வீட்டு வாசலில் கூட்டம் போடுதல் போன்றவற்றைத் தடுப்பது அதன் நோக்கம். வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் வாசலில் நின்று கத்தக் கூடாது என்பதும் இவ்வளவுக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் ஒன்றல்ல. மரியாதையாகக் கேட்டாலும் 120 சதவீதம் 120 சதவீதம்தான்.

நான் கேட்பதில் ஒரு பாதி டெல்லியிடம். வங்கி, நிதி நிறுவனம், கார்டு, செயலி, அடகுக்கடை என்ற பேதமில்லாமல், கடனின் அளவுக்கும் வகைக்கும் ஏற்பச் செலவைக் கணக்கிட்டு எல்லாருக்கும் பொருந்தும் ஒரு வரம்பு வேண்டும். மாலேகாம் குழு ஒரு துறைக்குச் செய்துகாட்டிய கணக்குதான். நாடாளுமன்றம் மனம் வைத்தால் முடியும். மாநிலத்தால் முடியாது, உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. அது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுபாதி சென்னையிடம். குத்தகைக்கு உழுகிறவருக்கு, இந்தப் பருவத்தில் இந்தச் சர்வே எண்ணில் இவர் பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராம நிர்வாக அலுவலரின் சான்று மட்டும் போதும், நிலக்காரரின் கையெழுத்து தேவையில்லை என்று ஓர் உத்தரவு. அந்தச் சான்று கடனுக்கு மட்டுமே செல்லும், நிலத்தில் உரிமை கொண்டாட உதவாது என்று அதிலேயே ஒரு வரி. சிறு அவசரக் கடனுக்கு ஆள் ஜாமீனில் அன்றைக்கே பணம். சங்கங்களுக்குத் தேர்தல். கூட்டுறவு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இவற்றுக்கு டெல்லியிடம் போய் நிற்க வேண்டியதில்லை.